நான்கு பாடங்கள் பாக்கி இருக்கும்போது டி.பி.டி-க்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியும். நீங்கள் டெக்சஸில், ஆஸ்டினில் இருக்கிறீர்கள். சைக்காலஜியில் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு ஃபிசிக்கல் தெரபி (பிசியோதெரபி) கிளினிக்கில் எய்டாக, அதாவது தெரபிஸ்டின் உதவியாளராக, முழுநேர வேலை பார்க்கிறீர்கள். அடுத்து டாக்டர் ஆஃப் ஃபிசிக்கல் தெரபி, அதாவது டி.பி.டி படிக்க ஆசை. முன்தேவைப் பாடங்களில் பயாலஜி இரண்டும், கெமிஸ்ட்ரி 1-ம், அனாடமி-ஃபிசியாலஜி 1-ம், ஸ்டாட்டிஸ்டிக்ஸும் முடிந்துவிட்டன. அனாடமி-ஃபிசியாலஜி 2, கெமிஸ்ட்ரி 2, ஃபிசிக்ஸ் 1, ஃபிசிக்ஸ் 2 ஆகிய நான்கும் பாக்கி. ஜூன் நடுவில் விண்ணப்பத் தளம் திறக்கிறது. இந்த வருடமே போடலாமா, அடுத்த வருடம் வரை பொறுக்கணுமா? "பாடம் பாக்கி இருந்தால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள்" என்று உடன் வேலை செய்பவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் சொன்னது சரியில்லை. பாடம் பாக்கி வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது இங்கே சர்வசாதாரணம். கல்லூரி கடைசி வருடத்தில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலருக்கு ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். என் பதில்: இந்த வருடமே போடுங்கள். ஆனால் ஜூனில் வேண்டாம். கோடையில் அனாடமி-ஃபிசியாலஜி 2-ஐ முடித்து, அந்த மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) ஏறிய பிறகு, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போடுங்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன். நானும் டெக்சஸில்தான் தெரபிஸ்ட். எய்டாக இருந்து டி.பி.டி-க்குப் போகிறவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது, அதனால் எங்கே சிக்கும் என்று ஓரளவு தெரியும்.

விண்ணப்பத் தளமான பி.டி.காஸ், அமெரிக்க ஃபிசிக்கல் தெரபி சங்கம் நடத்தும் பொதுச் சேவை. நாட்டில் அங்கீகாரம் பெற்ற டி.பி.டி படிப்புகள் 250-க்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை இதன் வழியாகத்தான் மாணவர்களைச் சேர்க்கின்றன. அதில் ஒவ்வொரு பாடத்தையும் பதியும்போது மூன்று நிலைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும்: முடித்தது, நடந்துகொண்டிருப்பது, படிக்கத் திட்டமிட்டிருப்பது. படிவத்திலேயே இந்த மூன்றுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்றாலே பாக்கிப் பாடம் ஒரு குற்றமில்லை என்று தெரிகிறது அல்லவா? ஆனால் தேர்வுக்குழுவின் கண்ணில் இந்த மூன்றும் ஒன்றல்ல. 'நடக்கிறது' என்றால் பணம் கட்டி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். 'திட்டம்' என்றால் வாய்வார்த்தை. ஜூன் மாதம் போட்டால் உங்களுடைய நான்கில் குறைந்தது மூன்று வாய்வார்த்தையாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். பாக்கிப் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே பி.டி.காஸ் கணக்கிடும் ஜி.பி.ஏ-வில், அதாவது சராசரி மதிப்பெண் புள்ளியில், அது சேராது. இது உங்கள் விஷயத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். சைக்காலஜி படித்தவர் என்பதால் உங்கள் கையில் இருக்கும் அறிவியல் பாடங்கள் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் 4 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு), மொத்தம் 16. பயாலஜி 1-ல் ஏ, மற்ற மூன்றிலும் பி என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு ஏ என்றால் 4 புள்ளி, பி என்றால் 3, சி என்றால் 2. அப்படியென்றால் 16-ம் 12-ம் 12-ம் 12-ம் கூட்டி 52 புள்ளி, 16-ஆல் வகுத்தால் 3.25. பாக்கி இருப்பதும் இன்னொரு 16 கிரெடிட். அதாவது உங்கள் அறிவியல் ஜி.பி.ஏ-வில் சரிபாதி இன்னும் எழுதப்படவே இல்லை. நான்கிலும் ஏ வாங்கினால் அது 3.62-க்குப் போய்விடும். கோடையில் அனாடமி-ஃபிசியாலஜி 2 ஒன்றில் மட்டும் ஏ வாங்கினாலே 3.40. அதே பாடத்தில் சி வந்தால் நேரே 3.0-க்கு இறங்கும். கினீசியாலஜி (உடல் இயக்க அறிவியல்) படித்துவிட்டு 60, 70 அறிவியல் கிரெடிட்டோடு வருகிறவருக்கு ஒரு பாடம் இப்படி ஊசலாட்டாது. உங்களுக்கு ஆட்டும். அதனால்தான் பாக்கிப் பாடங்களை 'எப்போது முடிப்பது' என்று மட்டும் யோசிக்காமல் 'எப்படி முடிப்பது' என்றும் யோசிக்கச் சொல்கிறேன். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பி.டி.காஸ் பழைய மதிப்பெண்ணை விட்டுவிடாது, இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடும். சில கல்லூரிகள் தங்கள் அளவில் உயர்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும், அது தனி.

சரி, நான்கில் எதை முதலில் முடிப்பது?

தேர்வுக்குழுவுக்கு ஒரே ஒரு கவலைதான். முதல் வருடத்தில் சடலத்தை அறுத்துப் படிக்கும் அனாடமி லேப் இருக்கிறது, கூடவே நரம்பியல், உடலியங்கியல். அதில் இந்த மாணவர் தாக்குப்பிடிப்பாரா? கடைசியில் என்.பி.டி.இ என்ற உரிமத் தேர்வில் தேறுவாரா? அதற்கு அவர்களிடம் இருக்கும் முதல் ஆதாரம் அனாடமி-ஃபிசியாலஜி மதிப்பெண். சைக்காலஜி பாடமோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ பாக்கி என்றால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். அனாடமி பாக்கி என்றால் கொஞ்சம் தயங்குவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எலும்பு, தசை, நரம்பு மண்டலம் என்று நம் தொழிலின் அஸ்திவாரம் எல்லாம் முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் இதயம், ரத்த ஓட்டம், நுரையீரல், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகள். ஆகவே குழுவிடம் ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது, முதல் பாகத்தில் நீங்கள் வாங்கிய பி இருக்கிறது. தேறிவிட்டீர்கள், ஆனால் பளிச்சென்று இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் இந்த இரண்டையும் 8 கிரெடிட் கொண்ட ஒரே தேவையாகத்தான் பார்க்கின்றன. அந்த ஜோடியில் பாதி பி-யாகவும் பாதி வெற்றிடமாகவும் இருப்பதைவிட, பி-க்குப் பக்கத்தில் ஒரு ஏ உட்கார்ந்திருந்தால் உங்களைப் பற்றி அது பேசும்.

ஃபிசிக்ஸ் வரிசையில் முதல் பாகம் விசை, திருப்புவிசை, நெம்புகோல் எல்லாம் கொண்டது. இரண்டாம் பாகம் மின்சாரம், காந்தம், ஒளி. எதையாவது கடைசிக்குத் தள்ளியே ஆகவேண்டும் என்றால் ஃபிசிக்ஸ் 2-ஐத் தள்ளுங்கள். அது ஃபிசிக்ஸ் 1-க்கு அப்புறம்தான் வர முடியும் என்பதும் ஒரு காரணம். நிறையப் பேர் 'எத்தனை பாடம் பாக்கி' என்று எண்ணுகிறார்கள். எண்ணவேண்டியது ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை பருவம் ஆகும் என்பதை. உங்களுக்கு அனாடமியும் கெமிஸ்ட்ரியும் இரண்டாம் பாகம் மட்டுமே பாக்கி, எந்தப் பருவத்திலும் எடுக்கலாம். ஃபிசிக்ஸ் மட்டும்தான் இரண்டு பருவச் சங்கிலி. அதனால் நான்கு பாக்கி என்று கேட்டவுடன் பயமாக இருந்தாலும், நடைமுறையில் உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை.

கோடையில் அனாடமி-ஃபிசியாலஜி 2. இலையுதிர் பருவத்தில் கெமிஸ்ட்ரி 2-ம் ஃபிசிக்ஸ் 1-ம். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் ஃபிசிக்ஸ் 2. இதுதான் நான் போடும் வரிசை. செப்டம்பரில் நீங்கள் விண்ணப்பத்தை அனுப்பும்போது ஒன்று முடிந்திருக்கும், இரண்டு நடந்துகொண்டிருக்கும், ஒன்று மட்டும் திட்டம்.

டெக்சஸில் இருப்பது இந்த விஷயத்தில் வசதி. இங்கே அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. அனாடமி-ஃபிசியாலஜி என்றால் பயாலஜி 2401, 2402. எந்த கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) எடுத்தாலும் ஒன்றின் தொடர்ச்சியாக இன்னொன்று பொருந்தும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சில கல்லூரிகள் அனாடமியைத் தனியாகவும் ஃபிசியாலஜியைத் தனியாகவும் நடத்தும். ஓரிடத்தில் சேர்ந்து வரும் பாகம் 1-ஐ எடுத்துவிட்டு, இன்னோரிடத்தில் தனி ஃபிசியாலஜியை எடுத்தால், நடுவில் பாதி அனாடமி விட்டுப்போய்விடும். அது தெரியவரும்போது அநேகமாகக் காலம் கடந்திருக்கும்.

கோடைக்கால வகுப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. பயாலஜி 2402-க்கு வகுப்பும் லேபும் சேர்த்து மொத்தம் 96 மணி நேரம். சாதாரண 16 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 6 மணி. 10 வார வகுப்பில் ஏறக்குறைய 10 மணி. 5 வாரத்தில் முடிக்கும் வகுப்பில் வாரத்துக்கு 19 மணிக்கு மேல், வீட்டில் படிக்கும் நேரம் இதில் சேராது. முழுநேர வேலையோடு 5 வார வகுப்பு என்பது வேண்டாத வேலை. 10 வாரமோ அதற்கு மேலோ நடக்கும் பிரிவில் இடம் பிடியுங்கள். முடிந்தால் அந்த இரண்டரை மாதம் கிளினிக்கில் மணிநேரத்தைக் குறைத்துக் கேளுங்கள். கொடுப்பார்கள், எய்டுகள் படிக்கப் போவது எங்களுக்குப் பழகிய விஷயம். ஃபிசிக்ஸ் 1-ஐயும் கோடையிலேயே சேர்த்து முடித்தால் செப்டம்பரில் பாக்கி இரண்டாகக் குறையுமே என்று தோன்றும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்க முடிந்தால் செய்யலாம். இல்லையென்றால் தொடாதீர்கள். அவசரத்தில் வாங்கிய இரண்டு பி-யைவிட நிதானமாக வாங்கிய ஒரு ஏ உங்களுக்கு அதிகம் உதவும்.

இனி கல்லூரிகளின் விதிகள். முன்தேவைப் பாடங்கள் என்னென்ன, எத்தனை பாக்கி இருக்கலாம் என்பதையெல்லாம் அந்தந்தக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று எதுவும் இல்லை. நான் பார்த்தவரை மூன்று வகை. ஒரு வகைக் கல்லூரி, எத்தனை பாக்கி இருந்தாலும் சேரும் நாளுக்குள் முடித்தால் போதும் என்னும். இன்னொரு வகை, விண்ணப்பிக்கும்போது இரண்டுக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது என்னும். மூன்றாவது வகை, அறிவியல் பாடங்களை டிசம்பருக்குள் முடித்திருக்கவேண்டும், மற்றவை பிறகு ஆகலாம் என்னும். உங்கள் அட்டவணை முதல் வகைக்குப் பிரச்சினையில்லாமல் பொருந்தும். இரண்டாவது வகையில் 'பாக்கி' என்பதில் நடந்துகொண்டிருப்பதையும் சேர்த்து எண்ணுகிறார்களா என்று பார்க்கவேண்டும், சேர்த்தால் உங்களுக்கு மூன்று ஆகிவிடும். மூன்றாவது வகையில் ஃபிசிக்ஸ் 2 இடிக்கும், அவற்றை இந்த வருடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சேரும் தேதியையும் பாருங்கள். பெரும்பாலான படிப்புகள் கோடையிலோ ஆகஸ்ட் வாக்கிலோ தொடங்குகின்றன, சில ஜனவரியிலேயே தொடங்கிவிடும். மே கடைசியில் தொடங்கும் கல்லூரி என்றால், மே நடுவில் ஃபிசிக்ஸ் 2 பரீட்சை எழுதி, மதிப்பெண் வந்து, இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்வதற்குள் மூச்சு முட்டிவிடும். ஆகஸ்ட் தொடக்கம் உங்களுக்கு நிம்மதி.

டெக்சஸிலேயே ரவுண்ட் ராக், சான் அன்டோனியோ, கால்வெஸ்டன், ஹூஸ்டன், டாலஸ், ஃபோர்ட் வொர்த், லபக், எல் பாசோ என்று அரசுப் பல்கலைக்கழகங்களின் டி.பி.டி படிப்புகள் இருக்கின்றன. மாநிலத்துக்குள் வசிப்பவர் என்ற கட்டணச் சலுகையும் உண்டு. முதலில் அவற்றின் விதியைப் படியுங்கள். பி.டி.காஸ் தளத்தில் எந்தக் கல்லூரி எந்தப் பாடம் கேட்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் பட்டியல் இருக்கிறது, அதில் வடிகட்டிவிட்டு, மிச்சத்தைக் கல்லூரியின் பக்கத்திலேயே போய்ப் பாருங்கள். முதல் கல்லூரிக்கு 150 டாலருக்கு மேலும், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 60 டாலருக்கு மேலும் கட்டணம் ஆகும். தகுதியே இல்லாத இடத்துக்குப் போட்டு அதை வீணாக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். "எனக்குச் சில பாடங்கள் பாக்கி, பரவாயில்லையா?" என்று கேட்டால் "எங்கள் இணையப் பக்கத்தைப் பார்க்கவும்" என்றுதான் பதில் வரும். பாடத்தின் பெயர், எண், கிரெடிட், லேப் உண்டா, எந்தக் கல்லூரி, எந்தத் தேதியில் முடிகிறது என்று நான்கு பாடத்துக்கும் நான்கு வரி எழுதுங்கள். "செப்டம்பரில் விண்ணப்பிக்கும்போது இந்த நிலையில் இருக்கும், இது உங்கள் விதிக்குள் வருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'வரும்' என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்டது பின்னால் கைகொடுக்காது.

அதே மின்னஞ்சலில் இணைய வழி லேபை ஏற்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு இணைய வகுப்பு பெரிய வசதிதான். நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உங்கள் வேகத்தில் முடிக்கும்படியான அறிவியல் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் லேபை நேரில் செய்திருக்கவேண்டும் என்று கேட்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஃபிசிக்ஸைப் பொறுத்தவரை கால்குலஸ் இல்லாத 1401, 1402 அநேகமாக எல்லா இடத்துக்கும் போதும். பொறியியல் மாணவர்களுக்கான கனமான பாடத்தை எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பாடங்களுக்குக் காலாவதி உண்டு, 5 வருடம், 7 வருடம், 10 வருடம் என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்களுக்கு இப்போது பிரச்சினை இல்லை, இன்னும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டால் பயாலஜி 1 இடறலாம்.

நடுவே ஒன்று: ஊரில் +2-வில் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் படித்துவிட்டுத்தானே வந்தேன், அது சேராதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சேராது. இங்கே கேட்பது லேபோடு கூடிய கல்லூரி கிரெடிட். +2-வில் 100-க்கு 99 வாங்கியிருந்தாலும் கம்யூனிட்டி காலேஜில் போய் உட்காரத்தான் வேண்டும். பாடம் எளிதாக இருக்கும், அந்த மட்டும் லாபம். தமிழ்நாட்டில் பி.பி.டி (பிசியோதெரபி இளங்கலைப் பட்டம்) முடித்து வந்தவர்களுக்கு இந்தப் பதிலே பொருந்தாது. அவர்கள் முதலிலிருந்து டி.பி.டி படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பட்டத்தை மதிப்பீடு செய்யவைத்து, மாநில வாரியம் வழியாக என்.பி.டி.இ எழுதும் பாதை தனியாக இருக்கிறது.

செப்டம்பர் விஷயத்துக்கு வருவோம். கோடை வகுப்பு ஆகஸ்ட் நடுவில் முடிந்தாலும் மதிப்பெண் அதிகாரபூர்வமாக டிரான்ஸ்கிரிப்டில் ஏறச் சில நாட்கள் ஆகும். ஏறுவதற்கு முன்பே அவசரப்பட்டு டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லிவிட்டால், பி.டி.காஸில் அந்தப் பாடம் 'நடக்கிறது' என்றே பதிவாகிவிடும். அப்புறம் அதை மாற்ற, பருவம் முடிந்த பிறகு வரும் மதிப்பெண் புதுப்பிப்புக் காலம் வரை காத்திருக்கவேண்டும். கோடை முழுக்கப் பட்ட பாடு குழுவின் கண்ணிலேயே படாமல் போய்விடும். கல்லூரியின் இணையக் கணக்கில் அதிகாரபூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்டை இறக்கி, 2402-க்கு எதிரே மதிப்பெண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதிகாரபூர்வப் பிரதிக்குச் சொல்லுங்கள். படித்த எல்லாக் கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் வரவேண்டும், பள்ளிப்பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்த கம்யூனிட்டி காலேஜ் உள்பட. அவை வந்த பிறகுதான் சரிபார்ப்பே தொடங்கும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். சில கல்லூரிகளின் கடைசி நாள் அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, அதனால் செப்டம்பர் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம்.

வரும் வரிசையிலேயே பார்த்து இடம் கொடுக்கும் கல்லூரிகளில் ஜூனில் போட்டவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதகம் முழுமையான விண்ணப்பத்துக்கு. பாதி காலியான விண்ணப்பத்தை முதல் நாளே கொடுத்தால் முதல் நாளே ஒதுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். ஜூன், ஜூலையில் தளத்தில் கணக்குத் தொடங்கி, பாடங்களைப் பதிந்து, பரிந்துரை எழுதுகிறவர்களிடம் சொல்லி, கிளினிக்கில் பார்த்த மணிநேரங்களுக்குக் கையெழுத்து வாங்கி, எல்லாவற்றையும் தயாராக வைத்திருங்கள். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையில் பாக்கிப் பாடங்களுக்கு விளக்கம் சொல்லி இடத்தை வீணாக்கவும் வேண்டாம், பாடப் பட்டியலே அதைச் சொல்லிவிடும்.

இடம் கிடைத்தால் அது நிபந்தனையோடுதான் வரும்: மீதிப் பாடங்களை இன்ன தேதிக்குள், இன்ன மதிப்பெண்ணோடு முடிக்கவேண்டும். பொதுவாக சி கேட்பார்கள், சில இடங்களில் பி. சி மைனஸ் என்பது பல இடங்களில் சி ஆகாது. அதை வாங்கி, கையிலிருந்த இடத்தை இழந்தவர்கள் உண்டு. இடம் வந்துவிட்டதே என்று ஃபிசிக்ஸ் 2-ஐ ஏனோதானோவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதாவது காரணத்தால் பாடத்தைக் கைவிடவோ வேறு பருவத்துக்கு மாற்றவோ நேர்ந்தால், முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள், அப்புறம் மாற்றுங்கள். கடைசி டிரான்ஸ்கிரிப்ட் வரும்போது அவர்களாகக் கண்டுபிடிப்பது உங்களுக்கு நல்லதல்ல.

ஒரே ஒரு சூழ்நிலையில் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். கோடையில் அனாடமி-ஃபிசியாலஜி 2-ல் மறுபடி பி-யோ அதற்குக் கீழோ வந்தால், அனுப்பாதீர்கள். மிச்ச மூன்றையும் நிதானமாக ஏ-க்கு முடித்துவிட்டு, அடுத்த ஜூனில் பாக்கியே இல்லாமல் முதல் நாளே போடுங்கள். ஒரு வருடம் போனால் போகட்டும். இரண்டு முறை கட்டணம் கட்டி இரண்டாவது தடவை அதே கல்லூரிகளிடம் போய் நிற்பதைவிட அது மேல்.

இப்போதைக்கு உடனே செய்யவேண்டியது கோடை வகுப்புக்குப் பதிவு செய்வது. லேப் பிரிவில் ஒரு மேஜைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருப்பதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதிலும் மாலை நேரப் பிரிவுகளுக்கு நர்சிங் மாணவர்களின் போட்டி அதிகம். 2401-ஐ வேறு கல்லூரியில் எடுத்திருந்தால், அந்த டிரான்ஸ்கிரிப்டை இங்கே கொடுத்து, '2401 முடித்திருக்கவேண்டும்' என்ற பதிவுத் தடையை நீக்கச் சொல்லவேண்டியிருக்கும். அதற்கே ஒரு வாரம் போய்விடும், ஆகவே பதிவு திறக்கும் நாளுக்கு முன்பே ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.